மண்டபம் அகதி முகாமில் இருந்து வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், தாய்க்கு வாக்கு: எங்கே தொடங்குவது?

கேட்டவர்: கடைசி ஒழுங்கை (வலிகாமம் வடக்கு, யாழ்ப்பாணம்)

வணக்கம். நான் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் செயலாளர். பெரிதாக நினைக்க வேண்டாம். திறப்பு என்னிடம் இருக்கிறது, காலையில் பேப்பர் வாங்கி மேசையில் போடுவதும் நான், கூட்டத்துக்குத் தேத்தண்ணி ஊற்றுவதும் நான்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வளவுக்குப் போன வருடம் ஒரு குடும்பம் வந்தது. தாய், தகப்பன், ஏழு வயதுப் பெண்பிள்ளை. 1990இல் எங்கள் பகுதி முழுக்க இடம்பெயர்ந்தபோது இந்தத் தாய் கைக்குழந்தை. படகில் ராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் செய்து, முப்பது வருடத்துக்கு மேலாகி இப்போதுதான் தாய்வீட்டு மண்ணை மிதித்திருக்கிறார். தகப்பனும் இங்கே பிறந்தவர்தான், மேசன் வேலை. பிள்ளை பிறந்தது அங்கே.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். மேலே தமிழ்நாட்டு அரசின் கோபுர முத்திரை. பிறகு திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஒன்றும் இல்லை. "இது இந்தியப் பேப்பர். எங்கட பேப்பரோட வாங்கோ" என்றார். சரி, அதற்கு என்ன செய்வது என்று கேட்டால் தெரியாது. ஆனால் சேர்க்கும்போது அபிவிருத்திச் சங்கத்துக்குப் பதினையாயிரம் கட்ட வேண்டும் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. பற்றுச்சீட்டு தருவீர்களா என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து வாக்காளர் இடாப்பைப் பார்த்தேன். தாயின் பெயர் இல்லை, தகப்பனின் பெயரும் இல்லை. ஆனால் அதே வளவில், 1996இல் கனடா போன என் பெரியப்பாவின் மகனுடைய பெயர் மிடுக்காக இருக்கிறது. இருக்கிறவளுக்குப் பெயர் இல்லை, போனவனுக்கு இருக்கிறது.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: பிள்ளைக்கு எந்தக் கந்தோரில் தொடங்குவது, அந்தப் பதினையாயிரத்தைக் கட்டத்தான் வேண்டுமா, இவர்களின் பெயரை எப்படி இடாப்பில் ஏற்றுவது. கட்சிக்காரரிடம் போகச் சொல்ல வேண்டாம். போன தேர்தலுக்கு முதல் மூன்று கட்சி வந்து மூன்று விதமாகச் செய்து தருகிறோம் என்றார்கள். அதற்குப் பிறகு ஒருவரையும் படலையடியில் காணவில்லை.

பதில்: உப்புக்காற்று

அண்ணை, நாங்களும் அப்படி வந்த குடும்பம்தான். நான் திருச்சிப் பக்க முகாமில் இருந்தனான்.

முதல் ஒன்றைக் கேளுங்கள். அந்தப் பிள்ளையின் பிறப்பை சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிந்தார்களா? பதிந்திருந்தால் அலுவல் பாதி முடிந்த மாதிரி. முகாம்களில் அகதிகளுக்கு உதவும் ஒஃபெர் அமைப்பின் ஆட்கள் இதற்காகவே கடுதாசிகளைத் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். சில பேர் "ஊருக்குத்தான் போகப் போறமே, அங்க பாப்பம்" என்று விட்டுவிட்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான் விட்டவ, என் தம்பிக்கு அதனால் இரண்டு வருடம் இழுத்தது.

தாயின் பொலித்தீன் பையைக் கொட்டிப் பாருங்கள். எங்கள் எல்லோரிடமும் அப்படி ஒரு பை இருக்கும். முகாம் அட்டை, ரேஷன் அட்டை, திரும்பி வந்தபோது யுஎன் அகதிகள் நிறுவனம் தந்த கடிதம், எல்லாம் அதற்குள்தான். ஒன்றையும் எறிய விட வேண்டாம். ஈரத்தில் ஒட்டியிருந்தால் வெயிலில் போடாமல் நிழலில் காய வையுங்கள், மை போய்விடும்.

இன்னொன்று. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் "இந்தியாக்காரி" என்று பகிடி பண்ணுவார்கள். என் மகள் முதல் நாள் "ரப்பர் குடு" என்று கேட்டிருக்கிறாள், வகுப்பே சிரித்ததாம். அழிறப்பர் என்று சொல்லப் பழகின பிறகுதான் அழாமல் போனாள்.

பதில்: ஓய்வு விதானை

தம்பி, இருபத்தாறு வருடம் கிராம அலுவலராக இருந்தவன் நான். ஒவ்வொன்றாக வருகிறேன்.

பிள்ளை எங்கே பிறந்தாலும் தாயோ தகப்பனோ இலங்கைப் பிரசை என்றால் பிள்ளைக்கு வம்சாவளிப் பிரசாவுரிமை உண்டு. முன்பு தகப்பன் வழியாக மட்டும்தான். 2003இல் சட்டத்தைத் திருத்தித் தாய்க்கும் அந்த உரிமையைக் கொடுத்தார்கள். ஆனால் உரிமை இருப்பது வேறு, பதிவு செய்வது வேறு. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ பத்தரமுல்லைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிய வேண்டும். காலம் கடந்தால் காரணம் எழுதிக் கொடுக்கலாம். முகாமில் இருந்தோம் என்பதைவிட வேறு என்ன காரணம் வேண்டும்? பிள்ளையின் இந்தியச் சான்றிதழ், தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அங்கே தகப்பன் பெயரை ஒற்றை எழுத்தாக முன்னுக்குப் போடுவார்கள், இங்கே முழுப் பெயர். கோப்புகள் நிற்பது பெரும்பாலும் இந்த ஒற்றை எழுத்தில்தான். வித்தியாசம் இருந்தால் இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போங்கள்.

பெற்றோரில் யாராவது மலையகத்து வழி வந்தவர்கள் என்றால் பாதை கொஞ்சம் வேறு. இந்திய வம்சாவளியினருக்கு 2003இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு ஓடியவர்களையும் சேர்த்து 2009இல் அதைத் திருத்தினார்கள். அதையும் கேட்டு வையுங்கள்.

பிரசாவுரிமைக் கடிதம் வரும்வரை பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. 1997 ஒழுங்குவிதிப்படி ஐந்திலிருந்து பதினான்கு வயதுவரை கட்டாயக் கல்வி, 2016இல் அதைப் பதினாறாக்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வாய்ச்சண்டை வேண்டாம். "இந்தச் சான்றிதழுடன் அனுமதி கேட்டோம், இலங்கைப் பதிவு நடந்துகொண்டிருக்கிறது, தற்காலிகமாகச் சேர்க்கவும்" என்று எழுதி, ஒரு பிரதியில் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். மற்றப் பிரதி வலயக் கல்விப் பணிப்பாளருக்கு. கடிதம் கையில் வந்தால் "ஏலாது" என்று எழுதித் தர ஆட்களுக்குக் கை வராது. சொல்லத்தான் வாய் வரும்.

வாக்குக்கு உங்கள் விதானையிடமே போங்கள். பிரசை, பதினெட்டு வயது, அந்த முகவரியில் வசிக்கிறார், இவ்வளவுதான் தகுதி. இடாப்பை ஒவ்வொரு வருடமும் திருத்துகிறார்கள், வரைவைக் காட்சிக்கு வைப்பார்கள். அந்த நேரம் உரிமை கோரலாம். விதானை வீட்டுக்கு வந்தபோது ஆள் கூலி வேலைக்குப் போயிருந்தார் என்பதுதான் பாதிப் பெயர் விடுபடுவதற்குக் காரணம். இதில் என் பங்கும் உண்டு, மறைக்கவில்லை. நானும் படலை பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குச் சைக்கிளைத் திருப்பியிருக்கிறேன்.

பதில்: ஸ்காபரோ மயிலிட்டியான்

"போனவனுக்கு இருக்கிறது" என்று எழுதியதை வாசித்துவிட்டு என் பழைய அடையாள அட்டை இலக்கத்தைத் தேர்தல்கள் ஆணைக்குழுவின் தளத்தில் அடித்துப் பார்த்தேன். இருக்கிறேன்! இங்கே கனடாவுக்கு வந்து இருபத்தேழு வருடம். வெளிநாட்டில் இருந்து வாக்களிக்க இலங்கையில் வழியும் இல்லை. சும்மா ஒரு பெயராக அங்கே நிற்கிறேன்.

ஒன்ராறியோவின் கல்விச் சட்டத்தில் 49.1 என்று ஒரு பிரிவு உண்டு. பிள்ளையோ பெற்றோரோ சட்டப்படி நாட்டில் இல்லை என்பதற்காகப் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்காமல் விடக்கூடாது என்று அதில் நேராகவே எழுதியிருக்கிறது. சட்டம் இருந்தும் அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விசா கேட்ட கதைகள் இங்கேயும் உண்டு. எங்கள் ஆட்கள் அந்தப் பிரிவை அச்சடித்துக் கையில் கொண்டு போவார்கள். ஆனால் எங்களைப் பெருமையாக நினைக்க வேண்டாம். 2022 மாநகரத் தேர்தலில் ரொறன்ரோவில் மூன்றில் ஒரு பங்குப் பேர்கூட வாக்குப் போடவில்லை. பள்ளிக்கூடச் சபை உறுப்பினரைத் தெரிவதும் அதே நாளில்தான். நிரந்தர வதிவிடக்காரருக்கு வாக்கே இல்லை. பிள்ளை படிக்கும், வரி கட்டுவோம், வாக்கு இல்லை.

அந்தப் பதினையாயிரத்தை நான் அனுப்புகிறேன். கணக்கு இலக்கம் தாருங்கள்.

பதில்: கடைசி ஒழுங்கை

அண்ணை, மனதுக்கு நன்றி. ஆனால் வேண்டாம். இதை நீங்கள் கட்டினால் அடுத்த பிள்ளைக்கு இருபதாயிரம் ஆகும். வெளிநாட்டுக் காசு வரும் என்று தெரிந்த இடத்தில் எல்லாம் அதுதான் நடக்கிறது.

இடாப்பில் இருந்து உங்கள் பெயரை எடுக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். எங்கள் நிலையத் தலைவர் விடமாட்டார் போல. "பெயரைக் குறைத்தால் கதிரை குறையும்" என்கிறார். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு முன்பு ஒன்பது ஆசனம், பிறகு ஏழு, 2024இல் ஆறு. கணக்கு இடாப்பில் உள்ள தலைகளை வைத்துத்தான். அவர் சொல்வதும் பிழை இல்லை. ஆனால் அந்த 2024 பொதுத் தேர்தலில் சுமார் 593,000 பெயர் இருந்து ஏறக்குறைய 358,000 பேர்தான் வாக்குச் சாவடிக்குப் போனார்கள். அதிலும் 32,000க்கு மேல் செல்லாத வாக்கு. மிச்சப் பேர் எல்லோரும் சோம்பேறிகள் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் வாக்குப் போடாதவர்களை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பாதிப் பேர் பாரிஸ், லண்டன், கனடா. ஒருவர் செத்து நாலு வருடம்.

என் எண்ணம்: போனவர்களின் பெயரைக் காவல் காப்பதைவிட வந்தவர்களின் பெயரை ஏற்றினால் தலையும் கூடும், ஆளும் வருவார். எங்கள் பிரிவில் மட்டும் திரும்பி வந்த குடும்பம் இன்னும் நாலு இருக்கிறது.

பதில்: சின்னப் பள்ளி ரீச்சர்

காசைப் பற்றிச் சொல்கிறேன், நான் அரச பாடசாலை ஆசிரியை. பெயர் வேண்டாம்.

இலவசக் கல்வி 1945இல் இருந்து. அனுமதிக்கென்று பெற்றோரிடம் காசு வாங்கக் கூடாது என்று அமைச்சு எத்தனையோ தடவை சுற்றறிக்கை விட்டுவிட்டது. அபிவிருத்திச் சங்கத்துக்கு ஆண்டுச் சந்தா உண்டு, அது சின்னத் தொகை, பற்றுச்சீட்டும் தர வேண்டும். பதினையாயிரத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டதும் அவர் ஏன் ஒரு மாதிரிப் பார்த்தார் என்று இப்போது விளங்கியிருக்கும்.

ஆனால் அதிபர்களை மட்டும் திட்டினால் சரிவராது. கற்பித்தல் பொருட்கள் வாங்க அரசாங்கம் தரும் தர உள்ளீட்டுக் காசு பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வரும். எங்கள் பள்ளியில் எண்ணிக்கை குறைவு, ஆகவே காசும் குறைவு. போட்டோக் கொப்பி மெஷினுக்கு மை வாங்கினால் சோக்குக்குக் காசு இல்லை. பட்டணத்துப் பெரிய பள்ளிகளுக்குப் பழைய மாணவர் சங்கம் லண்டனில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று. எங்களிடம் படித்தவர்கள் மீன்பிடிக்கவும் மேசன் வேலைக்கும் போனவர்கள், அவர்கள் என்ன அனுப்புவது? இதைக் கேட்க வேண்டிய வட மாகாண சபைக்கும் 2018 ஒக்ரோபரோடு ஆயுள் முடிந்தது. 2013க்குப் பிறகு அதற்குத் தேர்தலும் வைக்கவில்லை.

ஆகவே அண்ணை, அந்தப் பிள்ளையை எங்கள் மாதிரி ஒரு பள்ளியில் சேர்த்தால் நாங்கள் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போவோம். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. தரம் 2இல் என்னிடம் ஒன்பது பேர். ஒரு தலை கூடினால் எங்களுக்கு அது பெரிய விஷயம்.

பதினையாயிரம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் விண்ணப்பம் போடுங்கள். 2016இன் 12ஆம் இலக்கச் சட்டம். வலயக் கல்வி அலுவலகத்தில் தகவல் அலுவலர் இருப்பார். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்ல வேண்டும். "பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கடந்த இரண்டு வருட வரவு செலவு, அனுமதியின்போது பெற்ற தொகைகள், பற்றுச்சீட்டு இலக்கங்கள்" என்று மூன்று வரி போதும். நீட்டி எழுத வேண்டாம். நீட்டினால் விளங்கவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள்.

பதில்: ஓய்வு விதானை

ரீச்சர் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த வாக்காளர் பெயர்ப் பட்டியலைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1948இலும் அடுத்த வருடமும் தோட்டத்துச் சனத்தின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்தபோது, அதற்கு எதிராக நின்றுதான் காங்கேசன்துறை எம்பி செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறினார், தமிழரசுக் கட்சி 1949 டிசம்பரில் பிறந்தது. உங்கள் ஒழுங்கையும் அந்தத் தொகுதிதான், தம்பி.

பதில்: கடைசி ஒழுங்கை

ஐயா, அது தெரியும். வாசிகசாலைச் சுவரில் அவர் படம் தொங்குகிறது. ஒட்டடை அடிப்பவனும் நான்தான்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். பையைக் கொட்டினோம். உப்புக்காற்றுத் தங்கச்சி சொன்னது போல எல்லாம் இருந்தது, தூதரகப் பதிவு மட்டும் இல்லை. தகப்பனின் பெயர் பிள்ளையின் சான்றிதழில் ஒற்றை எழுத்தோடு, விவாகச் சான்றிதழில் முழுதாக. விதானை ஐயா வாய் வைத்தது அப்படியே. சமாதான நீதவான் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளை ரீச்சரின் பள்ளிக்குப் போகட்டும் என்று தாய் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கவலைதான், கிட்டப் பள்ளியை விட்டுக்கொடுத்தது போல. ஆனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், என்னுடைய ரோசம் இல்லை. அந்தப் பதினையாயிரத்துக்கான தகவல் விண்ணப்பம் எப்படியும் போகிறது, சனசமூக நிலையத்தின் தலைப்பில்.

இன்றைக்கு அந்த நாலு குடும்பத்தின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி விதானையிடம் கொடுத்தேன். எத்தனை மணிக்கு ஆட்கள் வீட்டில் நிற்பார்கள் என்றும் பக்கத்தில் குறித்திருக்கிறேன். எல்லாம் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு. இந்த விதானை இளம் பெட்டை, ஸ்கூட்டியில் வருபவர். கொப்பியைப் பார்த்துவிட்டு, "ஆறு மணிக்குப் பிறகு எனக்கு ஓவர்டைம் இல்லை அண்ணை" என்றார். பிறகு, "சரி, வெள்ளிக்கிழமை வாறன். ஒழுங்கை முகப்பில லைற் போட்டு விடுங்கோ, நாய் நிக்குது" என்றார்.

ஒழுங்கை விளக்கு மூன்று மாதமாக எரியவில்லை. பிரதேச சபைக்கு யாரிடம் சொல்வது என்று யாருக்காவது தெரியுமா?