மொரீஷியஸ்: தமிழ் பேசாத தமிழர் வீட்டில் குடியிருந்து படித்த கதை

வெளிநாட்டில் படித்த அனுபவத்தை ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் போனவர்கள் எல்லாம் எழுதிவிட்டீர்கள், இந்தியப் பெருங்கடல் தீவான மொரீஷியஸ் பக்கம் யாரும் போகவில்லை போல, அதனால் என் பங்குக்கு இது. முதுகலை படிக்கப் போனேன். கல்லூரி ரெதுய் பக்கம், குடியிருந்தது ரோஸ் ஹில்லில், ஒரு வீட்டின் மாடியில். கிளம்பும் முன்பு சென்னையில் ஏஜென்ட் ஒருவர், “அங்க எங்க பார்த்தாலும் தமிழ்தான் தம்பி, நம்ம ஊர் மாதிரியே இருக்கும்” என்று அடித்து விட்டிருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது. ரூபாய் நோட்டை எடுத்துப் பார்த்தால் தமிழில் தொகை எழுதியிருக்கும். 1998-இல் புது நோட்டு அடித்தபோது தமிழுக்கும் இந்திக்கும் வரிசையை மாற்றி வைத்துவிட, தமிழர்கள் கொதித்துப் போய், அரசு அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய வரிசைக்குப் போனது. அப்படிப்பட்ட ஊரில் தமிழில் வழி கேட்டால் ஒருத்தருக்கும் புரியாது!

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது மூர்கென், கூப்பென், அர்முகம் என்று பெயர்கள் வரிசையாக வரும். முருகன், குப்பன், ஆறுமுகம்தான், பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் போய்த் திரும்பியிருக்கிறார்கள். நான் ஆசையாகப் போய்த் தமிழில் பேச்சுக் கொடுத்தால், சிரித்துவிட்டு கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்த ஊர்ப் பேச்சுமொழியில், பதில் சொல்வார்கள். இவர்களில் சிலருடைய முன்னோர் 18-ஆம் நூற்றாண்டில், பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்து வந்தது அதற்கப்புறம், 1834 முதல். இத்தனை தலைமுறைக்குப் பிறகு மொழி இருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதே கொஞ்சம் அதிகம்தான்.

அதனால் போகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் மாதமே கிரியோல் பழகுங்கள். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும், தேர்வும் அப்படியே. ஆனால் விரிவுரையாளர் ஜோக் அடிப்பது கிரியோலில், குரூப் வேலையில் சண்டை போடுவது கிரியோலில், பேப்பர் படிப்பது பிரெஞ்சில். பஸ்ஸில் கண்டக்டரிடம் “கி மான்யேர்” (எப்படி இருக்கீங்க) என்று கேட்டுவிட்டுச் சீட்டு வாங்கிப் பாருங்கள், அவர் முகமே மாறிவிடும்.

கடற்கரைப் படம் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். நாங்கள் இருந்தது தீவின் நடுமேட்டில். ஜூலையில் சாரலும் குளிருமாக இருக்கும், இன்னும் மேட்டில் இருக்கும் க்யூர்பிப் ஊருக்குப் போனால் இன்னும் மோசம், ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் பஸ்ஸை நம்பாதீர்கள். எங்கள் பக்கம் வியாழன் மதியம் பாதிக் கடை சாத்தியிருக்கும், இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் எத்தனையோ வியாழக்கிழமை பிரெட்டோடு போயிருக்காது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, தால்பூரி இருக்கிறது. இனிப்பில்லாத பருப்புப் போளி மாதிரி, மெலிசாக, இரண்டு இரண்டாக வைத்து உள்ளே பீன்ஸ் கறி, தக்காளி, மிளகாய்த் துவையல் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் தருவார்கள். மாதக் கடைசியில் என்னைக் காப்பாற்றியது அதுதான்.

இனி வீட்டுக்கார அம்மா கதைக்கு வருகிறேன். 2024 ஜனவரி 15, பெலால் புயல். அங்கே புயல் எச்சரிக்கை ஒன்று முதல் நாலு வகுப்பு வரை உண்டு. காலையில் எல்லோரும் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார்கள், கொஞ்ச நேரத்தில் தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் காரையெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறது. எச்சரிக்கை போதவில்லை என்று கண்டனம் எழ, வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் பிறகு ராஜினாமாவே செய்தார். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, நான் மெழுகுவத்தியோடு மாடியில் உட்கார்ந்திருக்க, கீழே அந்த அம்மா பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து நாளில் தைப்பூசம். புயல் வந்தால் வரட்டும், விரதம் தள்ளிப் போகாது என்று சொல்லிவிட்டார்.

தைப்பூசத்தை அங்கே காவடி என்றுதான் சொல்வார்கள், அரசு விடுமுறை. அந்தப் பத்து நாளும் வீட்டில் மீன், முட்டை எதுவும் கிடையாது, நானும் பயந்து வெளியேகூடச் சாப்பிடவில்லை. ராத்திரியில் கீழேயிருந்து பாட்டுக் கேட்கும். எட்டிப் பார்த்தால் ரோமன் எழுத்தில் அச்சடித்த முருகன் பாட்டுப் புத்தகம், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் பாடுகிறார். “அர்த்தம் தெரியுமா?” என்று கிரியோலில் கேட்டேன். “அது முருகனுக்குத் தெரியும்” என்றார். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த நான் அந்தப் பாட்டில் நாலு வரிகூட மனப்பாடமாகச் சொல்ல மாட்டேன் என்பதை அங்கே சொல்லிக்கொள்ளவில்லை.

25-ஆம் தேதி காவடி ஊர்வலத்தில் அவரோடு நடந்தேன். பெண்களெல்லாம் அடர் ரோஜா நிறத்தில் உடை, நாக்கில் வேல், வெயில் என்றால் அப்படியொரு வெயில். தலையில் பால் செம்பு. கோயிலுக்குப் போய் மூடியைத் திறக்கும்போது பால் திரிந்திருக்கக் கூடாது, திரிந்தால் விரதத்தில் ஏதோ குறை என்று ஊரே பேசும். திறந்தார்கள். அந்த அம்மா பார்க்கவில்லை, என்னைப் பார்க்கச் சொன்னார். திரியவில்லை. “கொரெக்” (சரியா இருக்கு) என்றேன், அதற்குமேல் எனக்கு கிரியோல் வரவில்லை.

அடுத்த தைப்பூசத்துக்குள் போய்ச் சேருகிறவர்கள் யாராவது இருந்தால், நடக்கும் தூரத்தில் எந்தக் கோயில் என்று முதலிலேயே விசாரித்து வையுங்கள். பூசை முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு போடுவார்கள், ரசத்தை ரசோன் என்பார்கள். நீ யார், எந்த ஊர் என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. பலாக்காய்க் கறி சீக்கிரம் தீர்ந்துவிடும், முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.