தோட்டத்துப் பெண்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கொட்டகலை வாசகி:
இலங்கையின் நுவரெலியா மாவட்டத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கும் பெண்களின் மாதர் சங்கத்திற்கு உதவி வருகிறேன். தையல் பயிற்சிக்குப் பணம் தர ஒரு நிறுவனம் முன்வந்துள்ளது. விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான மடுவத்தில் விட்டு, மாலைவரை மலையில் நிற்கும் ஒருத்தி எந்நேரத்தில் தைப்பாள் என்பது எனக்கு விளங்கவில்லை. இவர்களின் நிலை உயர வேறு எதைச் செய்யலாம்?

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
தராசிலிருந்து தொடங்குங்கள். தண்ணீருக்கென்றும் சாக்குக்கென்றும் நிறுவையில் கழித்துவிட்டு, குறித்த கிலோ வரவில்லை என்று அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் 1984இலேயே வந்துவிட்டது. ஆயினும் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குப் போகும் ஆண் தன் பங்கை முடித்துப் பகலோடு வீடு திரும்ப, அதே சம்பளத்துக்குப் பெண் கடைசி நிறுவை வரை நிற்கிறாள். சங்கத்துப் பெண்கள் இருவர் முறைவைத்துத் தராசருகே நின்று, நிறையையும் கழிவையும் கொப்பியில் எழுதட்டும். சம்பளச் சிட்டையைப் படிக்கவும் கற்றுக்கொடுங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்குத் தம்மிடம் 8 வீதம் பிடிக்கப்படுவதையும், தோட்டம் 12 வீதம் சேர்க்க வேண்டியதையும் அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஹட்டன் ஆசிரியை:
சிட்டை சரியாக இருந்தாலும் பணம் யார் கைக்குப் போகிறது? முன்பு மனைவியின் சம்பளத்தைக் கணவனே கையெழுத்திட்டு வாங்கும் வழக்கம் இருந்தது. இப்போது வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்கிறது, அட்டை அவன் சட்டைப்பையில் இருக்கிறது. என் மாணவர்களின் தாய்மார் பலர் இரகசிய இலக்கத்தைக்கூட அறியார்.

மூணாறு நண்பர்:
கேரளத்தில் எங்கள் தமிழ்ப் பெண்கள் 2015 செப்டம்பரில் செய்ததைக் கவனியுங்கள். போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களை அருகில் விடாமல் பெண்களே சாலையில் அமர்ந்து, ஒன்பது நாளில் 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத் தொகையுமாக அந்த 20ஐத் திரும்பப் பெற்றார்கள். பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்ற அவர்களின் அமைப்பு பின்னர் பிளவுபட்டது; கோபம் கூட்டிய கூட்டத்துக்கு நிலையான அமைப்பாக மாற அவகாசம் கிடைக்கவில்லை என்பதே என் கணிப்பு. உங்கள் பக்கம் தொழிற்சங்கத்துக்கான மாதச் சந்தா பெண்களின் சம்பளத்திலிருந்தும் பிடிக்கப்படுகிறதே, தலைமையில் அவர்கள் எத்தனை பேர்?

ஹட்டன் ஆசிரியை:
மாதர் தலைவி என்றொருவர் இருப்பார். மே தின ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்க அவரை அழைப்பார்கள், சம்பளப் பேச்சுக்கு அழைக்க மாட்டார்கள். உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீதம் பெண்களுக்கு என்ற சட்டம் 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபின் பிரதேச சபைக்குத் தோட்டத்துப் பெண்களும் போகிறார்கள். தொழிற்சங்கக் கமிட்டிகளும் அதே கணக்கைப் பின்பற்றட்டும்.

கொட்டகலை வாசகி:
தராசு விடயத்தை வரும் கூட்டத்தில் வைக்கிறேன். தோட்ட நிர்வாகியான துரை மறுத்தால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை:
வாய்மொழியாகக் கேட்டால் மறுப்பார். பெண்கள் கையொப்பமிட்ட கடிதமாகக் கொடுத்து, தொழிற்சங்கத்துக்கும் தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகத்துக்கும் பிரதி அனுப்புங்கள். அதற்கு முன் ஒரு மாதக் கொப்பிக் கணக்கு கையில் இருக்கட்டும்.