தாராவி தமிழ் ராப், டிரம் அண்ட் பேஸ், நடுவில் பறை: வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. தாராவியில் நாங்கள் மூன்று பேர் தமிழில் ராப் பாடுகிறோம். பாந்த்ராவில் டிரம் அண்ட் பேஸ் என்கிற வேகமான எலக்ட்ரானிக் நடன இசை செய்யும் தம்பி ஒருவரோடு ஒரு பாட்டு செய்துகொண்டிருக்கிறோம். அவர் பீட் 174 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 174 தட்டு. பாதி வேகமாக, 87 என்று எண்ணிப் பாடினால் வரிகள் சரியாக உட்கார்ந்துவிடுகின்றன.

சிக்கல் பறையில்தான். எங்களிடம் உள்ள பதிவு மும்மூன்றாக நடக்கிற அடி. அவர் பீட் நான்கு நான்காக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் அவர் பீட்டின் கட்டங்களுக்கு (கிரிட்) இழுத்து ஒட்டினால் துள்ளலே செத்துப்போகிறது. டிரிப்லெட்டாக, அதாவது ஒரு தட்டுக்கு மூன்று அடியாக, அப்படியே மேலே ஓடவிடலாமா, இல்லை தாளம் காட்டும் கிளிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மறுபடி வாசித்துப் பதிவு செய்வதுதான் வழியா? பறையின் அடிச்சத்தம் பீட்டின் அடியாழ பேஸ் ஒலியோடு (சப் பேஸ்) முட்டுகிறது. எந்த அதிர்வெண்ணில் வெட்டுகிறீர்கள்?

ராப்புக்கும் இந்த எலக்ட்ரானிக் இசைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அண்ணன்களுக்கு: 1982-லேயே அமெரிக்க ஹிப் ஹாப் கலைஞர் ஆஃப்ரிகா பம்பாட்டா 'பிளானட் ராக்' பாட்டில் ஜெர்மனியின் எலக்ட்ரானிக் குழு கிராஃப்ட்வெர்க்கின் மெட்டையும் 808 டிரம் மெஷினையும் சேர்த்துவிட்டார். சண்டை வேண்டாம்.

அப்புறம், பாட்டு எழுதியவர், இசையமைத்தவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் பதியும்போது பங்கை எப்படிப் பிரிப்பது? அந்த அடியை உருவாக்கியதே பறை வாசித்த மாமாதான், இசையில் அவருக்கும் பங்கு உண்டு என்கிறேன் நான். வாசித்த கூலி போதும் என்கிறார் தம்பி.

டிராக்குகளைத் தனித்தனி வேவ் கோப்புகளாக வைத்திருக்கிறோம். சயான், மாட்டுங்கா பக்கம் மிக்ஸ் செய்பவர் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். ஓசியில் கேட்கவில்லை, காசு கொடுப்போம்.