‘பெட்டர் கால் சால்’: உங்களை இன்னும் விடாத ஒரு காட்சி எது? அது எழுத்தா, நடிப்பா?

தெற்குவாசல்

மூன்றாவது சீசன், ஐந்தாவது எபிசோட், ‘சிக்கேனரி’. பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். பார்க்காதவர்களுக்கு: இது ‘பிரேக்கிங் பேட்’ என்ற அமெரிக்கத் தொடரின் முன்கதை. பின்னால் சால் என்று பெயர் மாற்றிக்கொள்ளும் வக்கீல் ஜிம்மி, அவனுடைய அண்ணன் சக். சக்கும் பெரிய வக்கீல், மின்சாரம் பக்கத்தில் இருந்தாலே உடம்பு தாங்காது என்று நம்புகிறவர்.

2018 மழைக்காலத்தில் அண்ணனும் நானும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். விசாரணை அறையில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள், எல்லோரிடமும் செல்போனை வாங்கி வைத்துவிட்டார்கள். சக் சாட்சி நாற்காலியில் இருக்கிறார். ஜிம்மி அவரைச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறான். உள்ளே பேட்டரி. ஜிம்மி ஏவிவிட்டுப் படிக்கட்டில் இடித்துக்கொண்டு போன ஹியூல் போட்ட வேலை. ஒரு மணி நேரம் 43 நிமிடம் அது நெஞ்சை ஒட்டியே இருந்திருக்கிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் கைதட்டிவிட்டேன். அப்புறம் சக் வெடித்துக் கத்துவாரே, அது முடிந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்பி, “அவர் சொன்னதுல எதுடா பொய்?” என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பொய்யில்லை. சக்கின் வங்கி வழக்குத் தாள்களில் விலாச எண் 1216-ஐ 1261 ஆக்கியது ஜிம்மிதான். மேக்னா கார்ட்டா கையெழுத்தான வருஷத்துக்கு அடுத்த வருஷம் என்று நினைவு வைத்திருந்த மனிதர் அந்த எண்ணைத் தப்பாக எழுதுவாரா? ஒன்பது வயதிலேயே அப்பாவின் கல்லாவில் கை வைத்தான் என்பதும் சக்கைப் பொறுத்தவரை கண்ணால் கண்ட உண்மை. உண்மையைச் சொன்னவர் எல்லோர் முன்னாலும் பைத்தியக்காரராகத் தெரிந்தார், நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். அந்தக் கல்லாவிலிருந்து நான் காசு எடுத்ததை அண்ணன் பார்த்திருக்கிறார். இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அன்று அவர் எழுந்துபோய்ப் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தொடரைத் தொடவே இல்லை.

என்னைத் தப்பான ஆள் பக்கம் நிற்க வைத்தது எழுத்தா நடிப்பா? அதுதான் தெரிய வேண்டும்.

ஒப்பனைஅறை

நடிப்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் நாடகக் குழுப் பயிற்சியில் அந்தப் பேச்சைத் தமிழாக்கி நான் செய்து பார்த்தேன். முதல் தடவை ஆரம்பத்திலேயே கத்திவிட்டேன், பாதி வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிட்டது. சக்காக நடித்த மைக்கேல் மக்கீன் அப்படித் தொடங்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் பைத்தியமில்லை என்று அவர் ஆரம்பிக்கும்போது அதில் விளக்கம் சொல்லும் தொனிதான் இருக்கும். ஒரு மூத்த வக்கீல் நீதிமன்றத்துக்குப் புரியவைக்கிறார், அவ்வளவுதான். கேமரா மெதுவாக அவர் முகத்துக்குப் போகப் போக, வக்கீல் கரைந்து சின்ன வயசுக் கோபம் மட்டும் மிஞ்சுகிறது.

எனக்குப் பிடித்த இடம் அந்தக் கத்தல்கூட இல்லை. கத்தி முடித்து நிமிர்ந்து, எதிரே இருப்பவர்களின் முகங்களைப் பார்ப்பார். தொண்டை ஒரு முறை ஏறி இறங்கும். அப்புறம், பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னிக்கவும் என்ற மாதிரி மரியாதையாக ஒரு வாக்கியம். அந்த மரியாதையை எந்த எழுத்தாளர் தாளில் எழுதிக் கொடுத்தாலும், அந்தத் தொண்டையை எழுதிக் கொடுக்க முடியாது. பத்து நாள் முயன்றேன். எனக்கு வரவில்லை.

மக்கீனும், ஜிம்மியாக நடித்த பாப் ஓடன்கிர்க்கும் நகைச்சுவையிலிருந்து வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். நேரம் பார்த்து நிறுத்தத் தெரிந்தவர்களுக்குத்தான் இது கைகூடும்.

கறுப்புக்கோட்டு

ஒப்பனைஅறை சார், மன்னிக்கணும், நீங்கள் முழுக்கத் தப்பு.

நான் பதினெட்டு வருஷமாக சிவில் பக்கம் வக்கீலாக இருக்கிறேன். குறுக்கு விசாரணை என்றால் சத்தம் போட்டு மடக்குவது என்று நம் சினிமா பழக்கிவிட்டது. இந்த எபிசோடில் ஜிம்மி செய்வதுதான் உண்மையான குறுக்கு விசாரணை. முதலில் தன் பையில் ஒரு செல்போனை வைத்துக்கொண்டு, பக்கத்தில் மின்சாரம் எங்கே இருப்பதாக உணர்கிறீர்கள் என்று கேட்கிறான். சக் அதைக் கண்டுபிடித்துவிடுகிறார். போனை வெளியே எடுத்தால் அதில் பேட்டரி இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று சக் நினைக்கிறார். அந்த நினைப்பில்தான் பிடி தளர்கிறது. சாட்சியை ஒரு தடவை ஜெயிக்கவிட்டு அடுத்த கேள்வியில் வீழ்த்துவது. இதைக் கார்டன் ஸ்மித் எழுதியிருக்கிறார். முன்னாள் மனைவி ரெபெக்காவை அந்த அறைக்கு வரவழைத்தது, எபிசோடின் தொடக்கத்திலேயே அவளுக்குத் தெரியாமல் சக் தன் நோயை மறைக்கும் பழைய விருந்தைக் காட்டியது, எல்லாம் எழுத்து. அந்த விருந்து இல்லையென்றால் மக்கீன் எவ்வளவு தொண்டையை ஏற்றி இறக்கினாலும் நமக்கு வலித்திருக்காது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கு. எதிர்த்தரப்பில் எழுபது தாண்டிய ஓய்வுபெற்ற வாத்தியார் சாட்சி. அவருக்கு மறதி தொடங்கியிருந்தது எனக்குத் தெரியும். தேதிகளாகக் கேட்டேன். நான்காவது தேதியில் குழம்பினார், ஆறாவதில் தன் மகள் பெயரை மாற்றிச் சொன்னார். கூண்டிலிருந்து இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வழக்கு எங்கள் பக்கம் முடிந்தது. அவர் சொன்ன எல்லைக்கோடு சரியானது என்று எனக்குத் தெரியும், இப்போதும் தெரியும்.

சக் கத்தி முடித்த பிறகு ஜிம்மியின் முகத்தைப் பாருங்கள். ஜெயித்தவன் முகம் இல்லை அது. அதற்காக வேண்டுமானால் நடிப்புக்கு ஒரு பங்கு கொடுக்கிறேன், ஆனால் அது ஓடன்கிர்க்குக்கு.

பனிமலர்

எல்லோரும் அண்ணன் தம்பியிலேயே நிற்கிறீர்கள். ஜிம்மியோடு வாழ்ந்த வக்கீல் கிம் வெக்ஸ்லரை ஒருவர்கூடச் சொல்லவில்லையே.

ஆறாவது சீசன், பன்னிரண்டாவது எபிசோட். செத்துப்போன வக்கீல் ஹவர்டின் மனைவியிடம், தானும் ஜிம்மியும் அவருக்குச் செய்ததை எல்லாம் எழுத்தில் கொடுத்துவிட்டு கிம் திரும்புகிறாள். அல்புகர்கி விமான நிலையப் பேருந்தில் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் ஒன்றுமில்லை. வாய் லேசாகக் கோணுகிறது. அடக்குகிறாள். அப்புறம் அடக்க முடியாமல் உடைகிறாள். கேமரா நகராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. வசனமே இல்லை. பக்கத்தில் இருக்கும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் கை அவள் மேல் வந்து படுகிறது.

நான் இதை 2022 ஆகஸ்டில் திருச்சிக்குப் போகும் இரவுப் பேருந்தில் கைபேசியில் பார்த்தேன். அம்மாவை மருத்துவமனையில் விட்டுவிட்டுக் கிளம்பிய இரவு. பகல் முழுக்கக் கையெழுத்துப் போட்டு, பணம் கட்டி, எல்லோருக்கும் தைரியம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். கிம் உடைந்த இடத்தில் நானும் உடைந்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த அக்கா என்ன ஏது என்று கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் என் மடியில் வைத்தார்.

கறுப்புக்கோட்டு சார், கிம்மாக நடித்த ரே சீஹார்னின் அந்த அழுகையில் எழுத்து எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்? அந்தத் தொடரில் அவருக்கு முதல் எம்மி விருதுப் பரிந்துரையே 2022-இல்தான் வந்தது. மொத்தத் தொடருக்கும் 53 பரிந்துரைகள், ஒரு விருதும் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கறுப்புக்கோட்டு

பனிமலர் அம்மா, அதிலும் எழுத்து இருக்கிறது. ‘பிரேக்கிங் பேட்’டில் கிம் என்று ஒருத்தியே கிடையாது. சாலும் மைக்கும் கஸ்ஸும் பிழைப்பார்கள் என்று நமக்கு முன்னாலேயே தெரியும். அவள் மட்டும் தெரியாது. ஏழு வருஷம் நாம் பயந்தது அவள் ஒருத்திக்காக. கடைசியில் எழுத்தாளர்கள் அவளைக் கொல்லவில்லை. புளோரிடாவில் தண்ணீர்த் தெளிப்பான் கம்பெனியில், என்ன ஐஸ்க்ரீம் வாங்கலாம் என்றுகூட முடிவெடுக்கத் துணியாதவளாக உட்கார வைத்தார்கள். அந்த வறண்ட அலுவலகக் காட்சிகள் முன்னால் வந்ததால்தான் பேருந்தில் அவள் உடைந்தது நமக்கு அப்படி இருந்தது.

உங்கள் அம்மா இப்போது நலமா?

பனிமலர்

நலம் சார். கேட்டதற்கு நன்றி. ஐஸ்க்ரீம் விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த வாய் கோணியதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சுங்கச்சாவடி

எனக்கு மைக், அந்த முன்னாள் போலீஸ்காரர்.

முதல் சீசன் ஆறாவது எபிசோட். மருமகளிடம் மைக் தன் மகன் மேட்டியைப் பற்றிச் சொல்கிறார். லஞ்சம் வாங்காத போலீஸ்காரன் மகன். எல்லோரும் வாங்குகிறார்கள், நீயும் வாங்கிவிடு, உயிராவது மிஞ்சும் என்று சொன்னவர் அப்பா. நானும்தான் வாங்கினேன் என்று அவனிடமே சொல்லிவிட்டார். மகன் மனசு உடைந்து வாங்கினான், அப்படியும் கொன்றுவிட்டார்கள். ஜொனாதன் பேங்க்ஸ் அந்த மூடிய முகத்தோடு தொடங்கிக் குரல் உடைந்து முடிப்பார். என் அப்பா அரசு வேலையில் இருந்தவர். இதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

ஆனால் ஒரு குறையை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். முன்கதை என்கிறார்கள், ஆட்களோ வயதாகித் தெரிகிறார்கள். பேங்க்ஸ் 1947-இல் பிறந்தவர். பின்னால் வரும் சீசன்களில் மைக் இளைஞர்களை அடித்துப் போடும் இடங்களில் அவர் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பது பளிச்சென்று தெரியும். அங்கே எழுத்தாளர்கள்தான் அவரைக் கைவிட்டார்கள்.

ஒப்பனைஅறை

வயது ஒரு குறையா, நண்பரே? மேடையில் அறுபது வயதுக்காரர் அபிமன்யு வேஷம் கட்டினால் விடிய விடிய பார்க்கிற ஊர் நம்முடையது. முதல் பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும்.

சுங்கச்சாவடி

கூத்தில் அது மரபு. இது அப்படிப்பட்ட தொடர் இல்லையே. ஒரு துப்பாக்கியை வாங்கவே பத்து நிமிஷம் காட்டுகிற தொடர்.

மெழுகுவத்தி

ஹவர்ட் சாகும் எபிசோட். வாசல் கதவு திறந்ததும் மெழுகுவத்திச் சுடர் சாய்கிறது. போதைக் கும்பல்காரன் லாலோ உள்ளே வருகிறான். அந்தச் சுடரைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அது வந்தது மே 2022, அடுத்த எபிசோட் ஜூலை 11. ஏழு வாரம் அந்தச் சுடரோடு இருந்தேன். அவ்வளவுதான் என் அனுபவம்.

இனி பார்க்கப் போகிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் தப்பாகப் பார்க்கிறார்கள். முன்கதைதானே என்று இதை முதலில் தொடங்காதீர்கள். முதலில் ‘பிரேக்கிங் பேட்’ ஐந்து சீசன், பிறகு 2019-இல் வந்த ‘எல் கமீனோ’ படம், அதற்குப் பிறகு இது. காரணம், ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் வரும் கறுப்பு வெள்ளைக் காட்சி. ஒமாஹாவில் சின்னபன் ரொட்டிக் கடையில் மாவு உருட்டுகிற மீசைக்காரர் யார், ஏன் பயந்து பயந்து பார்க்கிறார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதைத் தள்ளிவிட்டுப் பார்க்காதீர்கள். ஆறாவது சீசன் மட்டும் வண்ணத்தில் தொடங்கும், சாலின் மாளிகையைக் காலிசெய்கிறார்கள். அங்கே ஒரு பாட்டில் மூடி சாலையோரம் உருண்டு விழும். அது இரண்டாவது சீசன் முதல் எபிசோடில் கிம் எடுத்து வைத்துக்கொண்ட டெக்கீலா பாட்டில் மூடி. ஆகவே இரண்டாவது சீசனைக் கைபேசியை நோண்டிக்கொண்டு பார்க்கக் கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். முதல் சீசன் மெதுவாகப் போகிறதே என்று விட்டுவிடாதீர்கள், 700 டாலருக்காக ஜிம்மி அலைவதெல்லாம் பின்னால் தேவைப்படும். இன்னொன்று, 2009-இல் ‘பிரேக்கிங் பேட்’டில் சால் முதன்முதலாக வரும் எபிசோடில், பாலைவனத்தில் முட்டி போட்டுக்கொண்டு இக்னாசியோ, லாலோ என்று இரண்டு பேரைச் சொல்வான். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போகிற போக்கில் சொன்ன இரண்டு பெயர். அதிலிருந்து நாச்சோவையும் (அந்த இக்னாசியோதான்) லாலோவையும் முழு மனிதர்களாக்கி வளர்த்தார்கள். லாலோ முகத்தைக் காட்ட 2018 ஆயிற்று. எழுத்தா நடிப்பா என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். தமிழ் டப்பிங் தேடாமல் சப்டைட்டிலோடு பாருங்கள், குரல்தான் இதில் பாதி.

சுங்கச்சாவடி

மெழுகுவத்தி, எந்த வரிசையில் பார்ப்பது என்று இங்கே யாருமே கேட்கவில்லையே. நான் இதைத்தான் முதலில் பார்த்தேன். ஜிம்மி யாராக ஆகப்போகிறான் என்று தெரியாமல், அவனை நம்பி நம்பிப் பார்த்தேன். அந்த நம்பிக்கை உங்கள் வரிசையில் கிடைக்காது.

தெற்குவாசல்

எல்லோருடையதையும் படித்தேன். கறுப்புக்கோட்டு சார், அந்த வாத்தியார் கும்பிட்டதை நீங்கள் சொன்ன பிறகு நேற்று இரவு அந்த எபிசோடைத் தனியாக இன்னொரு தடவை பார்த்தேன். எட்டு வயது அதிகமாகித்தான் ஜிம்மியின் முகம் என் கண்ணில் படுகிறது. முதல் தடவை நான் சக்கை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

காலையில் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கடைசியில சக் அந்த எக்ஸிட் போர்டைப் பார்ப்பாரு, அது ரீங்குன்னு கேட்கும். அவர் பொய் சொல்லலடா, அவருக்கு நெஜமாவே கேக்குது” என்றார். ஒரே ஒரு தடவை பார்த்தவர். என்னைவிட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார்.

மிச்சத்தையும் பார்க்கலாமா என்று அவரே கேட்டார். பத்தாவது எபிசோடில் சக் அந்த விளக்கு வைத்த மேஜையை உதைத்துக்கொண்டே இருப்பது அவருக்குத் தெரியாது. அதற்கு முன்னால், நீ எனக்கு அவ்வளவு ஒன்றும் முக்கியமானவனாக இருந்ததில்லை என்று தம்பியிடம் சொல்லி அனுப்புவதும் தெரியாது. முன்கூட்டிச் சொல்லட்டுமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறார். ஆறாவது எபிசோடிலிருந்து தொடங்குகிறோம். அதற்கு முன்னால் அந்தக் கல்லாக் காசைப் பற்றி நானே அவரிடம் பேசிவிட வேண்டும்.