புது நிப்பில் மை நிற்கவில்லை, பழைய நிப் துருப்பிடிக்கிறது

கேள்வி:
தொட்டு எழுதும் பேனாவில் காப்பர்பிளேட் என்ற அழகெழுத்து பழகி ஒரு மாதம் ஆகிறது. நிக்கோ ஜி என்ற வகை நிப், அயர்ன் கால் (iron gall) எனப்படும் இரும்பு உப்பு கலந்த மை. புது நிப்பைத் தொட்டால் மை முத்து முத்தாகத் திரண்டு, தாளில் வைத்ததும் மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. தீயில் காட்டினால் சரியாகும் என்றார்கள். முனை சிவக்கும் வரை பிடித்துவிட்டேன். இப்போது அழுத்தினால் பிளவு விரிந்தபடியே நிற்கிறது. இதற்கு முந்தைய நிப் பத்து நாளில் துருவேறியது. எங்கே தவறு செய்கிறேன்?

பதில்:
சிவந்த நிப்பை எடுத்து வைத்துவிடுங்கள். எஃகின் பதம் போய்விட்டது, இனி பழைய நிலைக்குத் திரும்பாது.

துருப்பிடிக்காமலிருக்கப் புது நிப்பில் எண்ணெய்ப் பூச்சு தடவி அனுப்புவார்கள். அதன்மேல் தண்ணீர் கலந்த மை ஒட்டாது, அவ்வளவுதான். தீயே வேண்டாம். பாத்திரம் கழுவும் சோப்பையோ வெள்ளைப் பற்பசையையோ பழைய பிரஷ்ஷில் எடுத்து இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். மெல்லிய படலமாகப் பரவினால் சரி; துளியாகத் திரண்டால் இன்னொரு முறை தேய்க்க வேண்டும். எழுதும்போது நடுவிலுள்ள துளை மூழ்கும் அளவுக்குத் தொட்டால் போதும்.

இன்னொரு பதில்:
துருவுக்கு முக்கியக் காரணம் உங்கள் மைதான். அயர்ன் கால் மை அமிலத்தன்மை உள்ளது, எஃகை அரிக்கும். நான்கைந்து வரிக்கு ஒருமுறை ஈரத்துணியில் துடையுங்கள். முடித்ததும் நிப்பைப் பிடியிலிருந்து கழற்றிக் கழுவுங்கள். பலரும் கழற்றுவதில்லை, பிடிக்குள் செருகியிருக்கும் அடிப்பகுதியில் ஈரம் தங்கி, துரு அங்கிருந்துதான் கிளம்புகிறது. நூல் பிரியாத துணியில் ஒற்றி, முழுக்கக் காய்ந்தபிறகே பெட்டியில் போடுங்கள். ஷெல்லாக் என்ற அரக்கு கலந்த இந்தியன் இங்க் (கறுப்பு மை) என்றால் நிப்பில் உலரவே விடாதீர்கள், காய்ந்த பிறகு தண்ணீருக்கு அது கரையாது.

கேட்டவர்:
பற்பசையில் இரண்டு முறை தேய்த்தேன். தண்ணீர் அழகாகப் பரவுகிறது, மெல்லிய கோடும் வருகிறது! மிக்க நன்றி. ஆனால் மேல்நோக்கி இழுக்கும்போது மட்டும் தாளைக் கீறுகிறது.

பதில்:
முதலில் பிளவில் தாளின் நார் சிக்கியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அதுதான். அது இல்லையென்றால் லென்ஸில் முனையைப் பாருங்கள். இரண்டு நுனிகளில் ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் நிப்பை மாற்றிவிடுங்கள். மேலே போகும்போது கையை அழுத்தாதீர்கள், அழுத்தம் எல்லாம் கீழே வரும் கோட்டுக்கு மட்டும்.