டேங்க் பாட்டில் தெளிவு, குழாய் பாட்டில் கறுப்பு: பைப்பை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாமா?

மேல்ஹட்டி:
கோத்தகிரிப் பக்கம், 60 வீடுள்ள ஊர். சோலைக்குக் கீழே இருக்கும் ஊற்றைத் தொட்டி கட்டிப் பிடித்து, 30,000 லிட்டர் டேங்கில் நிரப்பி வீடுகளுக்கு விடுகிறார்கள். மோட்டார் கிடையாது, எல்லாம் சரிவில் தானாக ஓடி வருவதுதான். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து தண்ணீர் கலங்கல், இரண்டு வாரத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஜல் ஜீவன் திட்டத்தில் தண்ணீர் சோதிக்க எங்கள் ஊராட்சியில் பயிற்சி எடுத்த 5 பெண்களில் என் வீட்டுக்காரம்மாவும் ஒருவர். சோதனைக் கிட்டில், கிருமி இருந்தால் தண்ணீர் கறுத்துப்போகும் மருந்து பாட்டில் இரண்டு மிச்சமிருந்தது. அதில் ஒன்றில் டேங்க் தண்ணீர், இன்னொன்றில் எங்கள் சமையலறைக் குழாய்த் தண்ணீர் பிடித்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் குழாய் பாட்டில் மை மாதிரி கறுப்பு, டேங்க் பாட்டில் அப்படியே இருக்கிறது. பைப் பழசு, சாக்கடை ஓரமாகவே வருகிறது, அதனால் புது பைப் கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். டேங்க்காரர் தினமும் காலையில் பிளீச்சிங் பவுடர் போடுகிறார், நானே பார்த்திருக்கிறேன். நடுவில் ஒருவர் வந்து டி.டி.எஸ். மீட்டரை முக்கி 42 காட்டுகிறது, மினரல் வாட்டரை விடச் சுத்தம் என்றார். சொன்ன கையோடு ஆர்.ஓ. மெஷினுக்கு விலையும் சொன்னார்! மனுவில் வேறென்ன எழுத வேண்டும்?

தண்ணீர்ப்பரிசோதகர்:
தம்பி, மனுவைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அந்த இரண்டு பாட்டிலையும் எங்கே வைத்திருந்தீர்கள்?

மேல்ஹட்டி:
குழாய் பாட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியில். டேங்க் பாட்டிலை வால்வு ரூமிலேயே விட்டுவிட்டு வந்தோம், ஜன்னல் ஓரம்.

தண்ணீர்ப்பரிசோதகர்:
நினைத்தேன். ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மலையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த பாட்டிலில் கிருமி பெருகினால்தான் கறுக்கும், சீக்கிரம் பெருக 30 டிகிரிக்கு மேல் கதகதப்பு வேண்டும். உங்கள் ஊர் ஐப்பசிக் குளிரில் ஜன்னலோரம் வைத்தால் கிருமியும் போர்த்திக்கொண்டு தூங்கும். அடுப்படி பாட்டில் சொன்னதை நம்பலாம், வால்வு ரூம் பாட்டில் இன்னும் எதையுமே சொல்லவில்லை. இன்னொரு செட் வாங்கி இரண்டையும் அடுப்படியிலேயே வையுங்கள், 48 மணி நேரம் பாருங்கள்.

அதைவிட முக்கியம், டேங்க்கிலும் கடைசி வீட்டுக் குழாயிலும் குளோரின் பாருங்கள். பவுடர் போடுகிறார் என்பது வேறு, தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்பது வேறு. ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும், 100 மில்லியில் ஈ.கோலை என்ற மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 42 இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. போடுவது மொட்டைத் தலைக்குச் சீப்பு வாங்குகிற மாதிரி. இப்போதைக்கு எல்லா வீட்டிலும் கொதிக்க வைத்துக் குடியுங்கள். உங்கள் உயரத்தில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஊட்டியில் கொதிநிலை இன்னும் குறைவு, அங்கே 3 நிமிடம்.

பன்னிமலைச்சாரல்:
நாங்கள் பழனி மலை, காப்பித் தோட்டப் பக்கம். எங்கள் டேங்க்கிலும் மாதம் 5, 20 தேதிகளில் கழுவியதாகத் தேதி எழுதியிருக்கும். மேலே ஏறிப் பார்த்தால் மூடியைக் குரங்கு தள்ளிவிட்டு உள்ளே இலைச் சருகு ஒரு சாண். தேதிக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் 😀 அண்ணா, எழுத்தை நம்பாமல் ஒருமுறை ஏறிப் பாருங்கள், ஊற்றுத் தொட்டியையும் சேர்த்து.

சோலைக்காற்று:
என் தாத்தா காலத்திலிருந்து அந்த ஊற்றைத்தான் குடித்தோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குளோரின் போட்டால் டீயே வாயில் வைக்க முடியவில்லை. இயற்கையைக் கெடுக்காதீர்கள்.

தண்ணீர்ப்பரிசோதகர்:
ஐயா, தாத்தா காலத்தில் ஊற்றுக்கு மேலே எத்தனை வீடு, எத்தனை கக்கூஸ் குழி இருந்தது? வாசம் தூக்குகிறது என்றால் அளவு தெரியாமல் கொட்டுகிறார்கள் என்று அர்த்தம், அதைத் திருத்தலாம்.

மேல்ஹட்டி:
சார், நேற்றுதான் முடிவு தெரிந்தது. இரண்டு பாட்டிலும் கறுப்பு. குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பில் டேங்க் தண்ணீரை ஊற்றி மருந்து விட்டால் மஞ்சள் துளிகூட வரவில்லை, டேங்க்கிலேயே பூஜ்யம். டேங்க்காரரை வைத்துக்கொண்டே பவுடர் மூட்டையைப் பிரித்தோம். வாய் கட்டாமல் வால்வு ரூம் தரையில், பனியும் ஈரமும் குடித்துக் கட்டிகட்டியாக. கையில் நொறுக்கி முகர்ந்தால் சுண்ணாம்பு வாசம்தான், மூக்கில் ஏறும் நெடி இல்லை. எப்போது வந்தது என்றால் போன தைக்கு முன்னால் என்கிறார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை, அளவு என்ன என்று இதுவரை யாரும் அவருக்குச் சொன்னதில்லை, கைக்கு வந்ததை அள்ளிப் போட்டு உடனே வால்வைத் திறந்துவிடுவாராம்.

தண்ணீர்ப்பரிசோதகர்:
புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும், ஈரம் பட்டால் பறந்துவிடும். சின்ன பாக்கெட்டாகக் கேட்டு வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். 1000 லிட்டருக்கு 4 கிராம், உங்கள் டேங்க்கிற்கு 120 கிராம் என்று தொடங்குங்கள், தராசில் நிறுத்து. பக்கெட்டில் கரைத்துத் தெளிய விட்டுத் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும், அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும், குளிர் காலத்தில் ஒரு மணி நேரம் விட்டால் நல்லது. தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாளில் மண்ணே குளோரினைத் தின்றுவிடும், கனமழை அன்று ஊற்றுக் குழாயை டேங்க்கிற்கு விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள்.

ஊற்றுக்கு மேலே தேயிலை இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும், பூச்சி மருந்தை இந்தப் பாட்டிலும் காட்டாது, குளோரினும் போக்காது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் மாதிரி அனுப்ப வேண்டும். கிருமிச் சோதனை வருடம் 2 முறை, ரசாயனச் சோதனை ஒரு முறை என்பது திட்டத்திலேயே இருக்கிறது, மனுவில் அதைக் கேளுங்கள். பைப் அப்புறம்.

மேல்ஹட்டி:
மனுவைத் திருத்தி எழுதியாயிற்று: பவுடர், தராசு, டேங்க் மூடிக்குப் பூட்டு, ஆய்வகச் சோதனை. ஊற்றைச் சுற்றி வேலி போட ஞாயிற்றுக்கிழமை பத்து பேர் வருகிறோம் என்றிருக்கிறார்கள், காட்டுமாடு தொட்டிக் கரையிலேயே நின்று தண்ணீர் குடிக்கிறது. இன்று காலை புதுப் பவுடர் போட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தோம். டேங்க் பக்கத்து வீட்டில் 0.5, கடைசி வீட்டில் லேசான மஞ்சள், 0.2 இருக்கலாம். முதல் வீட்டுப் பாட்டி டீயைக் கீழே ஊற்றிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கே கிளம்பிவிட்டார். அவரை என்ன செய்வது சார்?

பன்னிமலைச்சாரல்:
இரவே பிடித்துப் பானையில் மூடி வைத்தால் காலையில் வாசம் பாதி போயிருக்கும். எங்கள் ஆத்தாவை அப்படித்தான் ஏமாற்றினோம்.