அவசரம்: 404 பக்கம் வருகிறது, ஆனால் வரவில்லை

மலைக்காப்பி:
ஏற்காட்டில் எங்கள் காப்பித் தூள் கடையின் வலைத்தளத்துக்கு, இல்லாத முகவரிக்கு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு 404 பக்கம் செய்தேன். பக்கம் வருகிறது. ஆனால் உடைந்த இணைப்புகளைச் சோதிக்கும் கருவி, எல்லா இணைப்பும் சரி என்கிறது. வாடிக்கையாளர்களோ போனில் திட்டுகிறார்கள். கோடை விழாவுக்குள் சரியாக வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

கோரிமேட்டுக்காரன்:
எந்த சர்வர்? வாடகை ஹோஸ்டிங்கா, சொந்தமா? வேர்ட்பிரஸ்ஸா? எதுவுமே சொல்லாமல் அவசரம் என்றால் நாங்கள் கிளி ஜோசியமா பார்ப்பது?

தறிச்சத்தம்:
முகவரியில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்துத் தகராறு. லினக்ஸ் சர்வரில் இரண்டும் வேறு வேறு. எங்கள் சேலைத் தளத்தில் இதற்கே இரண்டு நாள் போனது. அதைப் பாருங்கள், வேறெதுவும் வேண்டாம்.

பழைய சர்வர்:
பக்கம் 512 பைட்டுக்குக் குறைவாக இருந்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை மறைத்துத் தன் பக்கத்தைக் காட்டும். அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

குகைவாசி:
அந்த பிரவுசருக்கு 2022 ஜூனிலேயே கருமாதி முடிந்துவிட்டது ஐயா.

பழைய சர்வர்:
அடிப்படை தெரிந்தால்தானே தம்பி. 404 என்பது பக்கம் அல்ல, 'கேட்டது இங்கே இல்லை' என்று சர்வர் சொல்லும் பதில். பக்கம் அதன்மேல் போர்த்திய சால்வை. கையேட்டைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம்.

மலைக்காப்பி:
வாடகை ஹோஸ்டிங், அப்பாச்சி சர்வர் மென்பொருள். அதன் அமைப்புகளை எழுதும் எச்டிஆக்சஸ் கோப்பில் 'எரர்டாக்குமென்ட் 404' என்று போட்டு என் பக்கத்தின் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். பெரிய எழுத்து எங்குமே இல்லை.

அம்மாபேட்டை நிலா:
ஒரு கேள்வி. தளத்தில் இல்லாத முகவரியை அடித்தால் மேலே அதே முகவரி நிற்கிறதா, 404 பக்கத்தின் முகவரியாக மாறிவிடுகிறதா?

மலைக்காப்பி:
மாறுகிறது. அப்படித்தானே மாற வேண்டும்?

அம்மாபேட்டை நிலா:
வினையே அங்கேதான். 'எச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் முழு முகவரியைக் கொடுத்திருக்கிறீர்கள். அப்படிக் கொடுத்தால் அப்பாச்சி 404 சொல்லாது. 'அங்கே போய்ப் பார்' என்று 302 அனுப்பிவிடும். பிரவுசர் அங்கே போகும், பக்கம் கிடைக்கும், 'சரி' என்று பொருள்படும் 200 வரும். கருவிக்கு எல்லாம் நலம். டொமைனை வெட்டிவிட்டுச் சாய்கோட்டில் தொடங்கும் பாதையை மட்டும் கொடுங்கள். பிறகு எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியின் முதல் வரியைப் பாருங்கள், 404 என்று இருக்க வேண்டும். முகவரி மாறாமல் நின்றால், எந்த எழுத்தைத் தவறாக அடித்தோம் என்று வந்தவரும் பார்த்துத் திருத்திக்கொள்வார்.

பழைய சர்வர்:
நான் சொன்னதும் இதுதான்.

மலைக்காப்பி:
404 வந்துவிட்டது! ஆனால் பக்கம் இப்போது அலங்கோலம். நிறம் இல்லை, படம் இல்லை, எழுத்து மட்டும் இடது ஓரத்தில் வரிசையாக. அதுவும் காப்பி வகைகளின் பழைய முகவரிகளில் மட்டும்.

தறிச்சத்தம்:
கேச், அதாவது பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகல். அழித்துவிடுங்கள்.

அம்மாபேட்டை நிலா:
கேச் இல்லை. பழைய முகவரி இரண்டு அடுக்கு உள்ளே இருக்கிறது. ஸ்டைல் கோப்பையும் படத்தையும் வெறும் பெயரால் அழைத்திருப்பீர்கள். பிரவுசர் அவற்றை அந்த இல்லாத ஃபோல்டருக்குள் தேடுகிறது. அவற்றுக்கு முன்னாலும் சாய்கோடு போடுங்கள்.

கோரிமேட்டுக்காரன்:
பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறீர்கள்?

மலைக்காப்பி:
'பிழை 404! வழி தவறிவிட்டீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியவர்களுக்கு இது பெரிதா?' கீழே காட்டெருமைப் படம், முகப்புக்குப் போக ஒரு பொத்தான்.

தறிச்சத்தம்:
குப்பனூர் வழியாக வருகிறவர்களுக்கு 20 வளைவு ஏது?

கோரிமேட்டுக்காரன்:
ஏற்காடு என்றால் 20 வளைவுதான். குப்பனூர் பாதையை யார் கணக்கில் எடுத்தார்கள்?

தறிச்சத்தம்:
அயோத்தியாப்பட்டணம் பக்கம் வந்து கேட்டுப் பாருங்கள், யார் என்று தெரியும்.

குகைவாசி:
வளைவை விடுங்கள். காசு கொடுத்துத் தூள் வாங்கியவரைப் பார்த்து 'வழி தவறிவிட்டீர்கள்' என்றால் அவர் திட்டாமல் என்ன செய்வார்? வழியை மாற்றியது நீங்கள். அவர்கள் அந்த முகவரிக்கு எப்படித்தான் வருகிறார்கள்?

மலைக்காப்பி:
சொல்லவில்லையா? பொட்டலத்தின் பின்புறம் க்யூஆர் குறி இருக்கிறது. ஸ்கேன் செய்தால் எந்தத் தோட்டத்துக் கொட்டை, எவ்வளவு சிக்கரி என்று வரும். தளத்தைப் புதிதாக்கியபோது முகவரிகள் மாறிவிட்டன. அச்சடித்த காலி உறைகள் இன்னும் நான்கு மூட்டை கிடக்கின்றன.

குகைவாசி:
இதை முதல் பதிவிலேயே எழுதக்கூடாதா! அச்சான குறியை மாற்ற முடியாது, ஆகவே பழைய முகவரி சாகக் கூடாது. ஒவ்வொன்றையும் அதே காப்பியின் புதிய பக்கத்துக்கு 301 போட்டுத் திருப்புங்கள். மொத்தமாக முகப்பில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். பீபெரி வகைக் காப்பியின் உறையைக் கையில் வைத்திருப்பவர் முகப்பில் நின்று என்ன செய்வார்? விற்பனையை நிறுத்திய வகைக்கு, 'இனி இல்லை' என்று சொல்லும் 410. 'இந்த வகை இப்போது இல்லை, இதை ஒத்தது இது' என்று ஒரு வரி போதும்.

மலைக்காப்பி:
301க்கும் 302க்கும் என்ன வித்தியாசம்?

கோரிமேட்டுக்காரன்:
மலைப்பாதையில் மண் சரிந்தால் நாலு நாளைக்குக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுகிறார்களே, அது 302. பழைய சாலையை மூடிவிட்டு இனி இதுதான் சாலை என்று பலகை நட்டால் 301.

தறிச்சத்தம்:
ஆக, குப்பனூர் பாதை கணக்கில் வந்துவிட்டது.

அம்மாபேட்டை நிலா:
வாசகத்துக்கு என் யோசனை: 'நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை. தளத்தை மாற்றியபோது நாங்கள் இடம் மாற்றியிருக்கலாம்.' கீழே தேடல் பெட்டி, இப்போது விற்கும் நான்கைந்து வகைகளின் பெயர்கள், கடை போன் எண். 404 என்ற எண் மூலையில் சிறிதாக இருக்கட்டும். போனில் பேசும்போது உங்களுக்குத்தான் அது உதவும்.

பழைய சர்வர்:
'பிழை' என்ற சொல் இல்லாவிட்டால் அது பிழைப் பக்கமே அல்ல.

அம்மாபேட்டை நிலா:
ஒரு தளத்தில் 'பிழை' என்று வந்ததும் என் அம்மா போனையே அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டார் ஐயா.

குகைவாசி:
அந்தக் காட்டெருமைப் படம் எத்தனை கேபி? மலையில் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கும்.

மலைக்காப்பி:
17 பழைய முகவரிகளுக்கும் 301 போட்டேன். குறிகள் வேலை செய்கின்றன. நன்றி. நிலா அவர்களுக்கு அரைக் கிலோ கடன்பட்டிருக்கிறேன்.

குகைவாசி:
படம் எத்தனை கேபி என்று கேட்டேன்.

கோரிமேட்டுக்காரன்:
அவர் போய்விட்டார். வளைவு 20தான், அதை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.